‘சேமிக்காமல் போடு’ என்று எழுதாத நாள்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ‘சர்வதேச மாணவர் உதவி மையம்’ என்று ஒரு நீலப் பலகை உண்டு. அதன் கீழே ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. பக்கத்தில் குடிதண்ணீர் இயந்திரம். மையம் என்றால் இவ்வளவுதான். தரம் பார்க்கிற குழு வரப்போகிறது என்று ஒரே வாரத்தில் அடித்துப்பிடித்துப் போட்டது. குழு வந்தது, பார்த்தது, தலையாட்டிவிட்டுப் போனது. பலகையைக் கழற்ற யாரும் மெனக்கெடவில்லை. அதற்குக் கீழே உட்கார ஓர் ஆள் வேண்டுமே என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

உட்கார வைத்தார்கள் என்பது பேச்சுக்கு. என்னால் ஓர் இடத்தில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் இருக்க முடியாது. வீட்டில் சீரியல் பார்க்கும்போதுகூட நின்றுகொண்டுதான் பார்ப்பேன். நூலகத்தில் அடுக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன். பேருந்தில் ஏறினால் இறங்க இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுவேன். செய்தியை முழுதாகப் படிக்காமல் பதில் போடுவேன், பாதி தட்டியதும் அனுப்பிவிடுவேன். என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் புரிய ஒரு மனிதரின் நான்கு வருடம் ஆடிப்போக வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறவர்களுக்கு நூலகம் என்னென்ன செய்யும் என்று மாணவர் கையேட்டில் அரைப் பக்கம் அச்சடித்திருக்கிறோம். விடுதியில் இருந்தபடியே ஆய்விதழ்களைத் திறக்கும் வழி, மேற்கோள் காட்டும் முறை, ஆய்வேட்டில் பிறர் எழுத்து கலந்திருக்கிறதா என்று கணினியில் சோதித்துத் தருவது, இப்படி. என் மேசைக்கு வந்த கேள்விகள் எதுவும் அந்த அரைப் பக்கத்தில் இல்லை. போலீஸ் பதிவுக்கு எத்தனை போட்டோ வேண்டும்? மூன்று வேளையும் சோறுதானா? ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாக் கடையிலும் பால்கோவா விற்கிறார்களே, யார்தான் இவ்வளவையும் தின்பது? ஒரு மாணவர் முடி வெட்டப் போக, சலூன்காரர் அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘எனக்கு இது பழக்கமில்லை, கெடுத்துருவேன்’ என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். வேறு எங்கே போவது என்று அவர் என்னிடம் கேட்டார். நூலகவியல் படித்தவள் நான். எனக்கு எப்படித் தெரியும்? கத்தினேன். கத்திவிட்டு, ராஜபாளையத்தில் விசாரித்து ஒரு கடையைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். என் வேலை அப்படித்தான் நடந்தது.

நான் சொல்ல வந்த மனிதர் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர். மாணவர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். நாற்பது வயது, முன்நெற்றி ஏறிவிட்டது. அங்கே ஒரு கல்லூரியில் நெசவுத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். நான்கு வருடப் படிப்பு விடுப்பில் முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தார். மில் கழிவுப் பஞ்சிலிருந்து மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்வது பற்றிய ஆய்வு. அதற்கு எங்கள் ஊரை விட்டால் வேறு இடம் ஏது? ராஜபாளையம் மில்களுக்கும் சத்திரப்பட்டித் தறிகளுக்கும் போய்ப் போய், தறிக்காரர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டு வந்தார். கணினி தாமதமானால் “செத்த இருங்க அக்கா” என்பார். கிளம்பும்போது “வாரேன் அக்கா” என்பார். அவரைவிட எனக்கு நான்கு வயதுதான் அதிகம். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்.

அவர் கிளம்பி வந்தபோது சின்ன மகளுக்கு மூன்று வயது. இப்போது ஏழு. முன் பல் விழுந்துவிட்டதை வீடியோவில்தான் பார்த்தார். விடுப்பு முடிகிற மாதத்திலேயே விசாவும் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, சமர்ப்பித்ததற்கான கடிதத்தோடு போய் நின்றால்தான் அங்கே பழைய வேலை. இல்லாவிட்டால் வேலை போகும், நான்கு வருடமும் போகும். இதை அவர் புலம்பலாகச் சொன்னதே இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

சமர்ப்பிப்பதற்குத் தடையாக நின்றது அந்தக் கணினிச் சோதனைதான். ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றினால், எந்தெந்த வரி ஏற்கெனவே எங்கெங்கே இருக்கிறது என்று வண்ணம் அடித்து, நூற்றுக்கு எத்தனை பங்கு என்று காட்டும். பத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் நூலகத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு முறை முன்சோதனை, அதன் பிறகு கடைசிச் சோதனை. கடைசியில் தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அவர் இரண்டையும் செலவழித்துவிட்டார். முதலில் முப்பத்தி நான்கு, அடுத்தது இருபத்தொன்று. களவு ஒன்றும் இல்லை. ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. சரியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றிய வரிகளை அப்படியே எடுத்து எழுதி, மேற்கோள் குறி போடாமல் விட்டுவிட்டார். நான் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, அதாவது நின்று, எப்படி மாற்றி எழுதுவது என்று காட்டிக்கொடுத்தேன். அவர் மூன்று மாதம் மாற்றி எழுதினார். பிறகு ஒரு நாள் சாயங்காலம் மேசைக்கு வந்து, “இப்போது எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தால் தூக்கம் வரும்” என்றார்.

எங்களுக்குள், அதாவது இந்த வட்டாரத்தில் நூலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குள், ஒரு வழக்கம் உண்டு. விதியில் இல்லை, எல்லோரிடமும் உண்டு. ஒரு கல்லூரியில் சோதனை வாய்ப்பு தீர்ந்துவிட்டால் கோப்பைப் பக்கத்துக் கல்லூரிச் சிநேகிதிக்கு அனுப்புவோம். அவள் தன் கணக்கில் போட்டுப் பார்த்து எண்ணை மட்டும் சொல்லுவாள். நாளைக்கு அவளுக்குத் தேவைப்பட்டால் நாம் பார்த்துக் கொடுப்போம். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்குகிற மாதிரிதான். ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த மென்பொருளில் ஏற்றும்போது ‘சேமிக்க வேண்டாம்’ என்று ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் பார்த்துவிட்டு விட்டுவிடும். தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த எழுத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பிறகு அதே எழுத்து எங்கிருந்து வந்தாலும், இது ஏற்கெனவே இன்ன கல்லூரியில் வந்த எழுத்து என்று காட்டிக் கொடுத்துவிடும். அதனால் எவளுக்கு அனுப்பினாலும் முதல் வரியாக ‘சேமிக்காமல் போடு’ என்று எழுதிவிட்டுத்தான் கோப்பை அனுப்புவோம். பிள்ளையார் சுழி மாதிரி, கை தானாகப் போடும்.

அன்றைக்கு என் கை போடவில்லை. ஐந்தே கால் பேருந்தைப் பிடிக்கிற அவசரம். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிற என் சிநேகிதிக்கு, கூடப் படித்தவளுக்கு, ‘அவசரம், செக் பண்ணிச் சொல்லு’ என்று தட்டிவிட்டு, கோப்பை அனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவரிடம், “வேறு ஒரு வழியில் பார்த்துச் சொல்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம்” என்று மட்டும் சொன்னேன். எந்த வழி என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போவதற்குள் பதில் வந்துவிட்டது. ஆறு. அவருக்கு உடனே சொன்னேன். மறுநாள் ஒரு பொட்டலம் வறுத்த காப்பிக்கொட்டையோடு வந்தார், அவர் மனைவி யாரோ வந்தவரிடம் கொடுத்து அனுப்பியதாம். பிரிண்டருக்கு மேலே அதை வைத்துவிட்டு, “நேற்று ராத்திரி தூங்கினேன் அக்கா” என்றார். எனக்கும் மனசு குளிர்ந்துதான் போனது. நம் பலகைக்கு ஓர் அர்த்தம் வந்துவிட்டது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கடைசிச் சோதனை நடந்தது. அதை நான் செய்யக் கூடாது. தலைமை நூலகர்தான் செய்து நேராக ஆய்வுக் குழுவுக்கு அனுப்புவார். பதினோரு மணி இருக்கும், அவர் அறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். அறிக்கை திரையில் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முழுக்கச் சிவப்பு. தொண்ணூற்று மூன்று.

“பாத்தியாம்மா சங்கதிய? எங்கேயிருந்து எடுத்திருக்கான்னு பாரு. ராஜபாளையத்துக் காலேஜுப் பிள்ளை எவனோ எழுதுனத அப்படியே தூக்கிருக்கான். இல்லேன்னா ப்ராஜெக்ட் எழுதிக் குடுக்குற கடையில காசு குடுத்து வாங்கிருக்கான். கடைக்காரன் ரெண்டு பேருக்கும் ஒண்ணையே வித்திருப்பான்.”

அறிக்கையின் கீழே என் சிநேகிதியின் கல்லூரிப் பெயர் இருந்தது. மாணவர் கட்டுரை என்று போட்டிருந்தது. அது அவருடைய எழுத்து. அவர் எழுத்தையே அவர் திருடியதாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? “அப்படியா சார், பார்ப்போம்.” சொல்லிவிட்டு வெளியே வந்து குடிதண்ணீர் இயந்திரத்தில் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது. அரை நாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டு ராஜபாளையம் பேருந்தில் ஏறினேன்.

சிநேகிதி மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மூடிவிட்டாள். அவள் வீட்டில் தெலுங்கு. பதற்றம் வந்தால் ‘தேவுடா, தேவுடா’ என்றுதான் முதலில் வரும். கணினியைத் திறந்து பார்த்தாள். சேமிக்கப்பட்டுத்தான் இருந்தது.

“ஏட்டி, நீ சேமிக்காமப் போடுன்னு சொல்லவே இல்லையே. எப்பவும் சொல்லுவ. சொல்லலையேன்னு, எங்க காலேஜுப் புள்ளைக ரெக்கார்டு மாதிரி சேமிக்கணும் போலன்னு போட்டுட்டேன்.”

“நான் சொல்லாம இருப்பேனா?”

“பாரு.”

அவள் கைபேசியை என் முன்னால் நீட்டினாள். ‘அவசரம், செக் பண்ணிச் சொல்லு.’ அவ்வளவுதான் இருந்தது. நான் மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன். இல்லாத வரி எப்படித் தள்ளினாலும் வராது.

“இத அழிக்க முடியாதா?”

“எங்க பிரின்சிபல் கையெழுத்துப் போட்டு மென்பொருள் கம்பெனிக்கு லெட்டர் போடணும். அவிய பாத்து அழிக்க மாசக்கணக்காகும். இந்தாளுக்கு எம்புட்டு நாள் இருக்கு?”

“பன்னெண்டு நாள்.”

பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் பேரை இழுத்துராத ஏட்டி. நான் இன்னும் ஒப்பந்தத்துலதான் இருக்கேன், உனக்கே தெரியும்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் கோபப்பட எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது, அதனால் இன்னும் கோபம் வந்தது. சாப்பிடச் சொன்னாள், சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஆய்வுக் குழு மறுநாள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. நான் உள்ளே இல்லை. வெளியே வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். நின்று, லேசாகத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும். ராஜபாளையம் என்ற பெயரைப் பார்த்ததுமே, வேறு வழி என்று நான் சொன்னது எந்த வழி என்று புரிந்திருக்கும். உள்ளே என்ன சொன்னார் என்று தலைமை நூலகரிடம் கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலைம்மா. நான்தான் எழுதுனேங்கான். பொறவு அது எப்படி அங்க போச்சுன்னா, தெரியாதுங்கான். அவன் கைடு வேற ஜன்னலப் பாத்துக்கிட்டு இருக்காரு. அடுத்த செவ்வாக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசிக் கூட்டம். எழுத்துல விளக்கம் குடுக்கச் சொல்லிருக்கோம். பொறவு பதிவை ரத்து பண்ணிர வேண்டியதுதான்.”

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னதை அந்த மனிதர் அப்படியே காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஆறு நாளும் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். ஒரே அடுக்கை மூன்று முறை அடுக்கினேன். பாலைப் பொங்க விட்டேன். கோவிலுக்குப் போனேன், தேரடியில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் கிளம்புவேன். ஆய்வேட்டை வெளியாருக்கு அனுப்பக் கூடாது என்று நூலக விதியில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்த விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவளே நான்தான். பதினெட்டு வருட வேலை. சிநேகிதியின் வேலை. சாயங்காலத்துக்குள் நூறு காரணம் சேர்ந்துவிடும். அவர் என் மேசைப் பக்கமே வரவில்லை. தண்ணீர் பிடிக்கக்கூட மேல்மாடிக்குப் போனார். எனக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்று ஒதுங்குகிறார் என்பது புரிந்தது. அது புரிந்ததும் எனக்கு அவர்மேலும் எரிச்சல் வந்தது. வந்து நாலு கேள்வி கேட்டுத் தொலைத்தால் என்ன?

செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஓடிப்போனேன். வேறு என்ன சொல்ல? கான்சாபுரத்தில் நாத்தனார் மகளுக்குக் காது குத்து. வேலை இருக்கிறது, வர மாட்டேன் என்று போன மாதமே சொல்லியிருந்தேன். அன்று காலையில் திடீரென்று பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வரலைன்னியே?” என்றார். “ஏன், வரக் கூடாதா?” என்று பாய்ந்தேன். அவர் பைக் சாவியை எடுத்தார். வேண்டாம், புடவை கசங்கும், நான் முன்னால் பஸ்ஸில் போகிறேன் என்றேன். ஒரு நாள் விடுப்பு என்று தலைமை நூலகருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, எட்டரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், கான்சாபுரம் போவதற்காக வத்திராயிருப்பு பேருந்தில் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. கூட்டம் முடிகிற வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மலை கிட்டே வர வர, காற்று குளிர்ந்து வந்தது. பதினோரு மணிக்கு நான் பந்தலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருப்பேன். எல்லாம் தானாக முடிந்துவிடும்.

ஒன்பது மணி இருக்கும், கைபேசியில் எத்தியோப்பியாக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘அக்கா, விளக்கக் கடிதம் இரண்டு பக்கம். ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மூன்று பிரதி பிரிண்ட் எடுத்து வைக்க முடியுமா? பத்தரைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.’ கூடவே கோப்பு.

நான்கு வருடமாக அவருடைய ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். விசா நீட்டிப்பு, விடுதி மாற்றம், மகளின் பள்ளிக்கு எழுதிய கடிதம்கூட. அந்தப் பழக்கத்தில் இதையும் திறந்துவிட்டேன். எந்தத் தறியில் எந்த மாதம் வேலை பார்த்தார், எந்தக் குறிப்பேட்டில் எழுதினார் என்று வரிசையாக இருந்தது. கடைசிப் பத்தியில், ‘என் எழுத்து அந்தக் கல்லூரியின் பெயரில் எப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. என் கோப்பை நான் யாரிடமும் கொடுக்கவில்லை’ என்று எழுதியிருந்தார்.

என்னைக் காப்பாற்ற அவர் எழுதிய பொய்யை நான்தான் திருத்தி, நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை படித்தேன். முதல் முறையாக ஒரு செய்தியை முழுதாக, நிதானமாகப் படித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து நின்று, “இறங்கணும், நிறுத்துங்க” என்று சத்தம் போட்டேன். “இங்க ஸ்டாப்பிங் இல்லைக்கா, செத்தப் பொறுங்க” என்றார் கண்டக்டர். பொறுக்கவா? நான் போட்ட சத்தத்தில் வண்டி தென்னந்தோப்பு ஓரமாக நின்றது. பட்டுப்புடவையோடு சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் நின்றேன். எதிர்ப் பேருந்து வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடமும் நடந்துகொண்டேதான் இருந்தேன்.

நடந்துகொண்டே சிநேகிதியைக் கூப்பிட்டேன். “சொல்லப் போறேன். நான்தான் அனுப்புனேன், நான்தான் சேமிக்காம போடச் சொல்ல மறந்தேன்னு சொல்லுவேன். ஆனா உங்க காலேஜுப் பேரு அதுல இருக்கு. உன்னைக் கேப்பாங்க.”

“பாவி” என்றாள். அழுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி மாறி ஏறியதும் அவளிடமிருந்து இரண்டு படம் வந்தது. நான் அனுப்பிய செய்தி, என் பெயரோடு, தேதியோடு ஒன்று. அவள் ஏற்றிய பக்கம், ஆறு என்ற எண்ணோடு ஒன்று. கூட ஒரு வார்த்தையும் இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பதினொன்றே கால் மணிக்குக் குழு அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே டீன், கைடு, தலைமை நூலகர், அந்தப் பக்கம் நாற்காலி நுனியில் அவர். கையில் பிரிண்ட் இல்லை. கைபேசியைத்தான் வைத்திருந்தார். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக என்னைப் பார்த்ததும் டீன், “என்னம்மா, ஏதும் விசேஷமா?” என்றார். நின்றுகொண்டே சொன்னேன். கோப்பை அனுப்பியது நான், விதியைத் தாண்டி. எப்போதும் எழுதுகிற வரியை எழுதாமல் விட்டதும் நான். அங்கே இருப்பது மாணவன் எவனுடையதும் இல்லை, இவர் எழுதியதுதான், இதோ தேதி. படங்களைக் காட்டினேன். தலைமை நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் துடைத்தார். அந்த ஒரு மூலத்தை மட்டும் விலக்கிவிட்டுச் சோதனையை மறுபடி ஓட்டச் சொன்னார் டீன். அங்கேயே ஓட்டினார்கள். ஏழு.

கைடு ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பி, “எனக்கு அப்பவே தெரியும்” என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் திரும்பவும் ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

எனக்கு மெமோ வந்தது. வரத்தான் வேண்டும். மேசையிலிருந்து எடுத்து, பழைய இதழ்களைக் கட்டிவைக்கிற கீழ்த்தளப் பகுதிக்குப் போட்டார்கள். நீலப் பலகை அங்கேயே இருக்கிறது. கீழே இப்போது நாற்காலி காலி. சிநேகிதியை அவள் பிரின்சிபல் கூப்பிட்டுக் கண்டித்தாராம், வேலை தப்பியது. என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. இப்போது தினமும் காலையில் பூப்படம் போட்ட வணக்கம் ஒன்று அனுப்புகிறாள். மன்னித்துவிட்டாளா, எல்லோருக்கும் போகிறது எனக்கும் வருகிறதா என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. அன்று காது குத்துக்கு வராததற்காக நாத்தனார் இன்றைக்கும் குத்திக்காட்டுகிறாள்.

அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். விசா முடிய மூன்று நாள் இருக்கும்போது ஊருக்குக் கிளம்பினார். ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டிக்காகக் காத்திருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். மகள்களுக்குப் பால்கோவா வாங்கிப் போயிருந்தேன். யார்தான் இவ்வளவையும் தின்பது என்று முதல் வருடம் கேட்டவர், இரண்டு டப்பாவையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: “ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? நான் சொல்ல வேண்டாம் என்றதற்காகவா?”

“அதற்காகவும்தான். ஆனால் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் அக்கா? வெளியூர்க்காரன், மாட்டிக்கொண்டதும் உதவி செய்த அம்மாவைக் கைகாட்டுகிறான் என்பார்கள். எனக்கும் பட்டம் கிடைத்திருக்காது, உங்கள் வேலையும் போயிருக்கும். இரண்டு நஷ்டம் எதற்கு?”

“அந்தக் கடிதத்தை வேண்டுமென்றே எனக்கு அனுப்பினீர்களா?”

அவர் சிரித்தார். “பிரிண்டர் உங்களிடம்தானே இருந்தது.”

மதுரை வண்டி உள்ளே வந்தது. அவர் எழுந்து பையைத் தோளில் போட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் இன்னொன்றும் கேட்டேன்.

“நான் வந்து சொல்லுவேன் என்று நினைத்தீர்களா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தறிக்காரர்களின் தமிழிலேயே, “நெனைக்கல அக்கா” என்றார். “வாரேன்” என்று சொல்லி ஏறிவிட்டார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான்கு வருடம் கூடவே நின்றவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? வண்டி பின்னால் வந்து, திரும்பி, சாலையில் ஏறுகிற வரைக்கும் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் பிடித்து வைக்க முடியவில்லை. அன்று காலை எட்டரை மணிக்கு, வத்திராயிருப்பு வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, நான் போய்ச் சொல்லுவேன் என்று நானும்தான் நினைக்கவில்லை.